பேஷண்ட் அக்காவின் கனம்

அந்தக் கல்லூரிக்கு வளாகம் கிடையாது, மைதானம் கிடையாது. கீழே ஒரு மருந்துக்கடை, பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டுக்கும் நடுவில், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு. மேலே இரண்டு தளம். அவ்வளவுதான். இதைப் போய்க் கல்லூரி என்கிறார்களே என்று பெரிய கல்லூரிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அங்கே படித்தவர்களுக்கு வேலை கிடைத்தது. பெரிய இடத்தில் பட்டம் வாங்கி, வீட்டில் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்களும் கடைசியில் அந்தப் படிக்கட்டில்தான் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள்.

தொடங்கியவர் ஒரு தட்டச்சு ஆசிரியர். பிற்பாடு அறைக் கதவில் முதல்வர், தாளாளர் என்று என்னென்னவோ எழுதி ஒட்டிக்கொண்டாலும் எல்லாருக்கும் அவர் டைப் சார்தான். முதலில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் நடந்தன. மேலே இயந்திரங்கள் தடதடத்தால் கீழே கண்ணாடிக்கடை அலமாரி நடுங்கும். கடைக்காரர் கம்பை எடுத்துக் கூரையைக் குத்துவார். அதன்பின் கணக்குப்பதிவு வந்தது. அதன்பின் கணினி. வீட்டுக்கு வீடு கணினி வந்ததும் அந்த வகுப்பும் காற்று வாங்கியது. ஒவ்வொரு தடவையும் இந்த ஆள் இத்தோடு காலி என்று தெரு பேசும். அவர் அடுத்த மாதமே புதுப் பலகை எழுதி மாட்டிவிடுவார்.

கடைசியாக மாட்டிய பலகை நோயாளி பராமரிப்புப் பயிற்சி. அதை வெறும் வியாபார மூளை என்று சொல்லிவிட முடியாது. அவர் மனைவி நெடுநாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து போனவர். அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வந்தவர்கள் மூட்டையைப் புரட்டுகிற மாதிரி புரட்டினார்கள். வலி தாங்காமல் அவர் கத்தியதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் டைப் சார். அந்த வார்டில் ஒரே ஒரு சிஸ்டர் கை வைத்தால்தான் வலிக்கவில்லை என்று மனைவி சொல்லியிருந்தார். அந்த சிஸ்டர் ஓய்வு பெறும்வரை காத்திருந்து, கையோடு கூட்டி வந்து, இரண்டாம் தளத்தை அவரிடம் ஒப்படைத்தார்.

நம் கதைக்கு உரியவள் அப்போது அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் கைக்குழந்தையோடு வேலை கேட்டு வந்தவள். நல்ல ஆகிருதியான உடம்பு. வகுப்பு தொடங்குகிற நாளன்று கட்டில் வந்துவிட்டது, சக்கர நாற்காலி வந்துவிட்டது, பாடம் நடத்த வேண்டிய ரப்பர் பொம்மை மட்டும் வரவில்லை. முன்பணம் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான். மாணவிகள் வரிசையாக நிற்கிறார்கள். சிஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். துடைப்பமும் கையுமாக நின்றவளைக் கூப்பிட்டு, அதை ஓரமாகச் சாத்திவிட்டு வந்து படுக்கச் சொன்னார்.

அன்று படுத்தவள்தான். காலையில் பெருக்குவாள், பத்து மணிக்கு நோயாளி ஆகிவிடுவாள். ஒரு நாள் கால் முறிந்தவள், மறுநாள் நினைவு தப்பியவள், அதற்கடுத்த நாள் வாதம் வந்தவள். பிள்ளைகள் அவளைப் பேஷண்ட் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட, என்ன வியாதியோ என்று பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டடி தள்ளி நிற்பதும் உண்டு.

சிஸ்டரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. நோயாளி உதவக் கூடாது. மற்ற இடங்களில் மாணவிகள் ஒருத்தியை ஒருத்தி படுக்க வைத்துப் பழகுவார்கள். படுத்திருப்பவள் தோழி. தூக்கும்போது தானே இடுப்பை உயர்த்திக் கொடுப்பாள், திருப்பும்போது கட்டில் கம்பியைப் பிடித்துத் திரும்பிக்கொள்வாள். பயிற்சி பஞ்சாகப் பறந்துவிடும். நாளைக்கு நிஜமான ஆஸ்பத்திரியில், அசைவில்லாத ஒருவரைத் தூக்கப் போனால் ஒன்று தூக்குபவள் முதுகு போகும், அல்லது நோயாளி தரைக்குப் போவார். ஆகவே இங்கே நோயாளி கை நீட்ட மாட்டாள், கால் ஊன்ற மாட்டாள், பிள்ளைகள் தப்புச் செய்தால் வாயைத் திறக்கவும் மாட்டாள்.

அப்படிக் கிடப்பது சும்மா இல்லை. விழப்போகிறோம் என்றால் கை தானாக நீளும், உடம்பு அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையை நீளாமல் வைத்திருக்க அவளுக்குப் பல மாதம் பிடித்தது. சிஸ்டரும் ஒன்று செய்வார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுகிற பாடம் வந்தால், நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று சக்கரத்துக்குத் தன் காலை முட்டுக் கொடுத்துக்கொள்வார். எந்தப் பிள்ளை சக்கரத்தைப் பூட்ட மறந்தாலும் நாற்காலி நகராது. அந்தக் கால் அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இவள் கண்ணை விழித்துக்கொண்டே கனமாகக் கிடந்தாள்.

கல்லூரி தலைதூக்கியது இப்படித்தான். அங்கிருந்து வந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிகள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தன. ஒரு முறை அவள் காய்ச்சலில் இளைத்துப் போய் வந்தபோது, வகுப்பின் தரத்தையே குறைத்துவிட்டாய் என்று சிஸ்டர் கோபித்துக்கொண்டு, ஒரு மாதம் தன் சாப்பாட்டில் பாதியை அவள் தட்டில் தள்ளினார். பார்க்க வருகிற பெற்றோரிடம் டைப் சார், எங்கள் கல்லூரியின் கனம் அதோ அங்கே படுத்திருக்கிறது என்று காட்டுவார். கட்டிலில் கிடப்பவள் சிரிக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

கைக்குழந்தையாக வந்த மகள் அந்த மாடிப்படியிலேயே வளர்ந்தாள். பள்ளி விட்டதும் வந்து, ஓரத்தில் கிடந்த பழைய தட்டச்சு மேசையில் பாடம் எழுதுவாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அம்மா எதுவும் சொல்லாமலே அவள் சிஸ்டரின் வகுப்பில் சேர்ந்தாள். எத்தனையோ கைகளை அறிந்த உடம்பு அம்மாவின் உடம்பு. நடுங்குகிற கை, வியர்க்கிற கை, கொள்ளையடிக்க வந்தது மாதிரி பிடிக்கிற கை எல்லாம் அதற்குத் தெரியும். மகளின் கை முதல்முறையாகத் தோளுக்கடியில் வந்தது. வெதுவெதுப்பாக, அவசரமே இல்லாமல் வந்து பொருந்தியது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கை வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சொல்ல முடியுமா? பெற்றவளே புகழ்ந்தால் மற்ற பிள்ளைகள் சும்மா விடுவார்களா? மகளிடம்கூடச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அப்படியும் பிள்ளைகள் சும்மா விடவில்லை. தேர்வு நெருங்கிய நேரம். போர்வை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி மகளைப் பார்த்து, உனக்கென்னடி கவலை, உங்கம்மா தானே எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார் என்று கேலி செய்தாள். அறையே சிரித்தது. மகளும் சேர்ந்து சிரித்தாள். கட்டிலில் நோயாளியாகக் கிடந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அவள் காதில் அது போய் உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவே இல்லை.

அந்த ஆண்டு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மகளுக்கு இடம் தயாராக இருந்தது, தேறினால் போதும். வெளியிலிருந்து தேர்வாளர் வந்து பார்க்கும் செய்முறைத் தேர்வு. மகளின் முறை வரும்போது வேறொரு பெண்ணைப் படுக்க வைக்கலாமே என்றார் சிஸ்டர். மகள் மாட்டேன் என்றாள். அம்மாவும் மாட்டேன் என்றாள். வீம்பில் இருவரும் ஒரே அச்சு.

தேர்வன்று சிஸ்டர் உள்ளே வரக் கூடாது. சொல்லிக் கொடுத்தவர் பக்கத்தில் நிற்கக் கூடாதென்பது விதி. அவர் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மகள் எடுத்த சீட்டில், அறுவை முடிந்து அசைய முடியாமல் கிடப்பவரை நாற்காலிக்கு மாற்று என்று இருந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டும். காலைப் பிடிக்க நெட்டை என்று கூப்பிடப்பட்ட உயரமான பெண். தலைமாட்டில் மகள். தலைமாட்டில் நிற்பவள்தான் பொறுப்பு, சக்கரத்தைப் பூட்டுவதும் அவள் வேலை.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மகள் நோயாளியிடம் பெயர் கேட்டாள், என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னாள், நாற்காலியைக் கட்டிலை ஒட்டிக் கொண்டுவந்தாள். பூட்டுக்குக் கை போகிற நேரத்தில் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். ஏன் அந்தப் பக்கம் வைக்காமல் இந்தப் பக்கம் வைத்தாய் என்று. மகள் நிமிர்ந்து நின்று தெளிவாகப் பதில் சொன்னாள். தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டு குனிந்து மதிப்பெண் எழுதத் தொடங்கினார். பதில் சொன்ன மகிழ்ச்சியில் மகளின் கை பூட்டுக்குப் போகாமல் நேராக அம்மாவின் தோளுக்கு வந்தது.

பூட்டு திறந்தே நிற்பது தலையணையிலிருந்து அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் சிஸ்டரின் கால் இல்லை என்பதும் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்று இரண்டு என்று எண்ணி இருவரும் தூக்கினார்கள். அவள் பாரம் பட்டதும் நாற்காலி பின்னால் ஓடியது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவள் தரைக்குப் போனாள். அப்போதும் கையை நீட்டவில்லை. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் கதவுக்கு வெளியே நின்ற சிஸ்டருக்குக் கேட்டது.

மகள் கத்தவில்லை. தரையில் மண்டியிட்டு, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு, விட்டுட்டேன், விட்டுட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறுவை நடந்தது, இடுப்பில் கம்பி வைத்தார்கள். தேர்வில் மகள் தேறவில்லை. விபத்து நடந்த இடம் என்று அந்தப் பருவத்துக்குக் கல்லூரியில் தேர்வு நடத்தவே தடை வந்தது. பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைகளின் வீட்டார் படிக்கட்டில் நின்று சத்தம் போட்டார்கள். இந்த ஆள் இத்தோடு காலி என்று தெரு மறுபடியும் பேசியது. இந்த முறை டைப் சாருக்கே அப்படித் தோன்றியிருக்க வேண்டும், புதுப் பலகை எதையும் அவர் மாட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபின் டைப் சாரும் சிஸ்டரும் பார்க்க வந்தார்கள். சந்துக்குள் இருந்த அந்த வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். இருந்த ஒரே நாற்காலியில் யார் உட்காருவது என்று இருவரும் சிறிது நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு, கடைசியில் இருவருமே நின்றார்கள். அதற்குப் பிறகு பழிக்கு மல்லுக்கு நின்றார்கள். நோயாளி உதவக் கூடாது என்ற என் கண்டிப்புதான் காரணம், உடம்பு உடம்பாக இருக்க விடாமல் செய்துவிட்டேன் என்றார் சிஸ்டர். கல்லூரி என்னுடையது, பொம்மை வாங்காமல் இத்தனை வருஷம் ஒரு மனுஷியைப் படுக்க வைத்தது நான் என்றார் டைப் சார். சொத்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம், பழிக்கு இரண்டு பேர் இப்படி அடித்துக்கொண்டது அந்த வீட்டில்தான். எழுந்து நடக்கிற நாளில் வரவேற்பு மேசையில் வந்து உட்கார வேண்டும், இனிமேல் கட்டில் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

பூட்டைக் கவனித்தாயா என்று கேட்டவர்களிடம் எல்லாம் அவள் ஒரே பதில்தான் சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன், பார்க்கவில்லை. பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி ஏன் சொல்லவில்லை என்று வரும். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் நா எழவில்லை.

அவர்கள் வந்த அன்று பழிக்குப் பங்கு கேட்காத ஒரே ஆள் மகள். சுவரோரம் நின்று துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அவள் கவனித்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைப்பது, புண் வராமல் முதுகைத் துடைப்பது எல்லாம் சுத்தம். ஆனால் தொடுகிற கை மாறிவிட்டிருந்தது. விறைத்துப்போய், விரல் நுனியால், சூடான பாத்திரத்தை எடுக்கிற மாதிரி தொட்டாள். அந்த உடம்புக்கு அது தெரியாமல் போகுமா? இடுப்பு வலியைவிட அதுதான் அவளை அறுத்தது. அடுத்த பருவத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நெட்டை இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். மகள் அசையவில்லை. அந்த நல்ல கை அத்தோடு போய்விடுமோ என்று அம்மா பயந்தாள்.

ஒரு மத்தியான வேளை. மகள் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்துகொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"துணிக்கடையில திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாங்கம்மா."

"பரீட்சை?"

"வேணாம். இந்தக் கையால இனிமே யாரையும் தூக்க மாட்டேன்."

இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் தன்னைப்போல ஒரு பாவி இருக்க முடியாது என்று அம்மாவுக்குத் தோன்றியது.

"நான் அன்னைக்குக் கண்ண மூடிக்கல. பூட்டு தெறந்திருந்தத பார்த்தேன்."

முதுகில் துணி நின்றது.

"பார்த்தியா? பார்த்துட்டா சொல்லாம இருந்தே?"

"நீ பார்த்துடுவேன்னு நெனச்சேன். தூக்கும்போதும் நெனச்சேன், இப்போ பார்ப்பா, இப்போ பார்ப்பான்னு. நாற்காலி ஓடினப்பவும் பயம் வரல. நீ புடிச்சுடுவேன்னு நெனச்சேன்."

"நான்தான் புடிக்கலையே. விட்டுட்டேனே."

"யார் சொன்னா?"

அம்மா சிரமப்பட்டு இடது கையை எடுத்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

"இந்த எடத்துல உன் நகம் பதிஞ்சிருந்துச்சு. ரத்தமே வந்திருந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி நர்ஸ் கேட்டா, என்னம்மா இது, யார் கீறினதுன்னு. பூனைன்னு சொன்னேன். நீ விடல. தரைக்குப் போற வரைக்கும் நீ விடல. நான்தான் கனத்துட்டேன். அந்தப் பொண்ணு கேலி பண்ணினது காதுலயே இருந்துச்சு. என் பொண்ணு என் தயவுல பாஸ் ஆனான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, யாருக்கும் கனக்காத கனம் உனக்குக் கனத்தேன்."

மகள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை, என்றோ ஆறிப்போயிருந்தது. ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்து அழுத்திப் பார்த்தாள். அம்மா விழுந்த நாளிலிருந்து அன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். அம்மா தடுக்கவில்லை.

"வலிச்சுதாம்மா?" என்று கேட்டாள் கடைசியில்.

"ரொம்ப வலிச்சுது. அதான் நீ விடலைன்னு தெரிஞ்சுது."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதியில் நின்ற வேலையை முடிக்க அம்மாவைத் திருப்பினாள். வெதுவெதுப்பாக, அவசரமே இல்லாமல் கை வந்து பொருந்தியது. திங்கள்கிழமை அவள் துணிக்கடைக்குப் போகவில்லை, தேர்வுக்குப் பெயர் கொடுக்கப் போனாள்.